பிஎஸ் விஆர்2-வில் படம் மங்கலா? முதலில் தலையைப் பாருங்கள், அப்புறம் செட்டிங்ஸ்

சோனியின் பிஎஸ்5 கேம் கன்சோலோடு இணைத்துத் தலையில் மாட்டும் விஆர் (மெய்நிகர் உலகம்) ஹெட்செட்தான் பிஎஸ் விஆர்2. அதை மாட்டிய முதல் பத்து நிமிடத்தில் எனக்கு வந்த எண்ணம், "இதுக்கா இவ்வளவு காசு?" என்பதுதான். பிஎஸ்5-இன் ஹோம் திரையில் எழுத்துகளெல்லாம் ஈரக் கையால் தடவியதுபோல ஓரத்தில் பிசிறின. விளையாட்டுக்குள் போனால் நடுவில் ஏதோ தெரிந்தது, சுற்றிலும் வாசலின் பூசிய கண்ணாடி. டிவியில் அதே படம் கத்திபோல இருக்க, கண்ணுக்கு இரண்டு அங்குலத்தில் இருக்கும் திரை ஏன் இப்படி? பெட்டிக்குள் திரும்ப வைத்துவிடலாம் என்று நினைத்தபோது அக்கா மகன் வந்தான். "மாமா, பின்னாடி பட்டை எங்க நிக்குதுன்னு பாருங்க. உச்சந்தலைல தொப்பி மாதிரி வச்சிருக்கீங்க" என்றான். பின்பக்கத்தைப் பிடரிக்கு இறக்கி, முன்பக்கத்தை ஒரு விரல் அளவு மேலே தூக்கினான். அவ்வளவுதான். எழுத்துகள் எழுத்துகளாக நின்றன.

குறை என் மேல்தான். ஆனால் அப்படி மாட்டியது நான் மட்டும் இல்லை. புதிதாக வாங்கிய நண்பர்கள் "படம் சரியில்லை" என்று கூப்பிட்டால், நான் முதலில் கேட்பது எந்த விளையாட்டு என்று இல்லை, பட்டை எங்கே இருக்கிறது என்றுதான். பாதிப் புகார் அதிலேயே தீர்ந்துவிடும். மீதிப் பாதியில் கொஞ்சம் செட்டிங்ஸ், கொஞ்சம் விளையாட்டு, கொஞ்சம் ஒன்றும் செய்ய முடியாதது. அந்த வரிசையிலேயே போகலாம்.

தொடங்குவதற்கு முன் ஒரு கணக்கு

எவ்வளவு தெளிவை எதிர்பார்க்கலாம் என்று தெரிந்துகொண்டால் வீணாக நோண்டிக்கொண்டிருக்க வேண்டாம்.

பிளேஸ்டேஷன் விஆர்2 2023 பிப்ரவரி 22 அன்று வந்தது. கண் ஒன்றுக்கு 2000 × 2040 பிக்சல் கொண்ட ஓஎல்இடி திரை, எச்டிஆர் (வெளிச்சத்துக்கும் இருட்டுக்கும் உள்ள வேறுபாட்டைக் கூட்டிக் காட்டும் வசதி), வினாடிக்கு 90 அல்லது 120 முறை படம் மாறும் வேகம். இரண்டு கண்ணுக்கும் சேர்த்தால் 80 லட்சம் பிக்சலுக்கு மேல். காகிதத்தில் பார்த்தால் 4கே டிவிக்குச் சமம்.

ஆனால் அந்தப் பிக்சல்களை எவ்வளவு அகலத்துக்குப் பரப்புகிறோம் என்பதில்தான் விஷயம் இருக்கிறது. 55 அங்குல டிவியின் அகலம் சுமார் 122 சென்டிமீட்டர். இரண்டரை மீட்டர் தள்ளி உட்கார்ந்து பார்த்தால் அது உங்கள் பார்வையில் 27, 28 டிகிரியை அடைக்கும். 3840 பிக்சல் அந்த 27 டிகிரிக்குள் நெருக்கியடித்து நிற்கிறது. டிகிரிக்கு ஏறக்குறைய 140. ஹெட்செட்டில் பார்வை அகலம் சுமார் 110 டிகிரி, கிடைப்பது 2000 பிக்சல். டிகிரிக்கு 18-தான். லென்ஸ் இந்தப் பிக்சல்களை எல்லா இடத்திலும் ஒரே மாதிரி பரப்பாது என்பதால் இது தோராயக் கணக்குதான்; என்றாலும் நிலவரம் புரிந்துவிடும். 6/6 பார்வை உள்ள கண்ணுக்கு டிகிரிக்கு 60 வரை பிரித்துப் பார்க்கத் தெரியும். அதனால் டிவியில் பிக்சல் தெரியாது, ஹெட்செட்டில் உற்றுப் பார்த்தால் தெரியும். துணி அதேதான். அங்கே கைக்குட்டையாக மடித்துப் பார்க்கிறீர்கள், இங்கே பந்தலாக விரித்திருக்கிறார்கள்.

2016-இல் வந்த முதல் பிஎஸ் விஆரில் கண்ணுக்கு 960 × 1080தான். அதே கணக்குப் போட்டால் டிகிரிக்குப் பத்தை ஒட்டி வரும். அதிலிருந்து மாறியவர்களுக்கு விஆர்2 சொர்க்கம். 4கே டிவியிலிருந்து நேராக வருபவருக்குத்தான் ஏமாற்றம். விஆரில் பெரிதாகக் கிடைப்பது ஆழமும் அளவும்: எதிரே நிற்கும் ராட்சச இயந்திரம் நிஜமாகவே தென்னை மர உயரத்துக்கு நிற்கும். கூர்மையில் டிவியை வெல்ல வேண்டும் என்று கிளம்பாதீர்கள்.

படி 1: லென்ஸைத் துடைப்பது

மாட்டுவதற்கு முன் இரண்டு லென்ஸையும் வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள். விரல் ரேகை, இமையின் எண்ணெய், நெற்றி வியர்வை, எல்லாம் அதில் இருக்கும். கண்ணாடி துடைக்கும் மைக்ரோஃபைபர் துணியால், உலர்வாக, நடுவிலிருந்து ஓரத்துக்கு மெதுவாக வட்டமிட்டுத் துடைத்தால் போதும். சானிடைசர், ஸ்பிரே, ஈர டிஷ்யூ எதுவும் வேண்டாம். சட்டை நுனியும் வேண்டாம். இந்த லென்ஸ் பிளாஸ்டிக், கீறல் விழுந்தால் போகாது.

ஏசி அறைக்குள் சூடான முகத்தோடு மாட்டினால் லென்ஸில் ஆவி படியும். அதைப் பார்த்து மங்கல் என்று முடிவுக்கு வந்துவிட வேண்டாம். ஐந்து நிமிடத்தில் லென்ஸ் சூடேறியதும் ஆவி தானே விலகும்.

படி 2: மாட்டுவது. இங்கேதான் நேரம் செலவிட வேண்டும்

விஆர்2-வின் லென்ஸ் ஃபிரெனெல் வகை. பழைய கலங்கரை விளக்கங்களில் இருக்குமே, வட்டம் வட்டமாக வரி போட்ட கண்ணாடி, அதே யோசனைதான். எடை குறையும், தடிமன் குறையும். ஆனால் நடுவில் ஒரு சின்ன இடத்தில்தான் படம் முழுத் தெளிவாக இருக்கும். கண்மணி அந்த இடத்துக்கு நேராக நிற்க வேண்டும். மேலே, கீழே, பக்கத்தில் சில மில்லிமீட்டர் நகர்ந்தாலே எழுத்து கரையும். பழைய பிஎஸ் விஆரில் லென்ஸ் வேறு வகை, இந்த விஷயத்தில் அது தாராளமாக விட்டுக்கொடுக்கும். அதனால்தான் பழையதைப் பயன்படுத்தி வந்தவர்கள்கூட விஆர்2-வை முதலில் மாட்டும்போது முகம் சுளிக்கிறார்கள்.

முதலில் ஹெட்செட்டைத் தளர்த்துங்கள். பின்பக்கம் இருக்கும் டயலின் நடுவில் ஒரு பொத்தான் இருக்கும். அதை அழுத்திக்கொண்டே பட்டையை இழுத்தால் அகலமாகும். முன்பகுதியை, அதாவது திரையும் லென்ஸும் இருக்கும் பெட்டியை, ஸ்கோப் என்பார்கள். அதன் மேல் ஓரத்தில் இருக்கும் பொத்தானை அழுத்தி ஸ்கோப்பை முகத்திலிருந்து வெளியே தள்ளி வையுங்கள். இந்த இரண்டையும் செய்யாமல் தலையில் திணித்தால் காதும் மூக்கும்தான் சிவக்கும்.

அப்புறம் நெற்றி மெத்தையை நெற்றியில் வைத்து, பட்டையைத் தலைக்குப் பின்னால் கொண்டு போங்கள். பின் மெத்தை உச்சந்தலைக்குக் கீழே, பின்மண்டை எலும்பு புடைத்திருக்கும் இடத்துக்கும் கீழே, பிடரியை ஒட்டி உட்கார வேண்டும். கையால் தடவிப் பாருங்கள், ஒரு மேடு இருக்கும். அந்த மேட்டுக்கு அடியில் பட்டை மாட்டிக்கொண்டால் நழுவாது. மேட்டுக்கு மேலே இருந்தால் அரைக் கிலோவுக்கு மேல் கனமுள்ள ஹெட்செட்டின் முன்பகுதி மெல்ல மெல்ல மூக்கை நோக்கி இறங்கும். பத்து நிமிடம் தெளிவாக இருந்த படம் பிறகு மங்குகிறது என்றால் காரணம் இதுதான்.

டயலைச் சுற்றி இறுக்குங்கள். தலையை "இல்லை, இல்லை" என்று ஆட்டினால் ஹெட்செட் தலையோடு சேர்ந்து வர வேண்டும், நெற்றியில் பள்ளம் விழும் அளவுக்குத் தேவையில்லை. இப்போது ஸ்கோப் பொத்தானை அழுத்தி, லென்ஸைக் கண்ணுக்கு அருகே கொண்டு வாருங்கள். இமை முடி லென்ஸில் உரசாத அளவுக்கு எவ்வளவு நெருக்கமோ அவ்வளவு நல்லது. நெருங்க நெருங்கப் பார்வை அகலும். தள்ளியிருந்தால் தண்ணீர்க் குழாய்க்குள் எட்டிப் பார்ப்பதுபோல் இருக்கும்.

கடைசியாக ஒரு வேலை. ஏதாவது எழுத்துள்ள திரையைத் திறந்து வைத்துக்கொண்டு, ஸ்கோப்பை இரண்டு கையாலும் பிடித்து மேலே ஒரு மில்லிமீட்டர், கீழே ஒரு மில்லிமீட்டர் என்று நகர்த்துங்கள். ஒரு இடத்தில் எழுத்து சட்டென்று பளிச்சென்று நிற்கும். பழைய ரேடியோவில் முள்ளைத் திருப்பி நிலையத்தைப் பிடிப்பதுபோலத்தான். பிடித்த இடத்தில் கையை எடுக்காமல் பின் டயலை இன்னும் ஒரு சொடுக்கு இறுக்குங்கள். எனக்கு அந்த இடம் நான் இயல்பாக மாட்டுவதைவிடச் சற்று மேலே இருக்கிறது. உங்களுக்கு வேறாக இருக்கலாம். நான்கைந்து நாள் செய்தால் கைக்குப் பழகிவிடும், கண்ணை மூடிக்கொண்டே சரியாக மாட்டுவீர்கள்.

படி 3: இரண்டு கண்ணுக்கு இடையே உள்ள தூரம்

கண்மணிகளுக்கு இடையே உள்ள தூரம் ஆளுக்கு ஆள் மாறும். பெரியவர்களுக்குச் சராசரி 63 மில்லிமீட்டரை ஒட்டி இருக்கும், ஆனால் சராசரியை வைத்துச் சட்டை தைக்க முடியுமா? ஸ்கோப்பின் மேல்பக்கம் ஒரு சின்னச் சக்கரம் இருக்கிறது. அதைத் திருப்பினால் இரண்டு லென்ஸும் விலகும் அல்லது நெருங்கும்.

முதன்முறை இணைக்கும்போதே பிஎஸ்5 ஒரு திரையைக் காட்டும். உங்கள் இரண்டு கண்ணும் லென்ஸுக்கு நேராக எங்கே இருக்கின்றன என்பதை ஹெட்செட்டுக்குள் இருக்கும் கேமராக்கள் பார்த்துப் படமாகக் காட்டும். சக்கரத்தைத் திருப்பியும் ஹெட்செட்டை ஏற்றி இறக்கியும் கண்களை வட்டங்களுக்குள் உட்கார வைக்க வேண்டும். பலர் இதை அவசரமாகத் தாண்டிப் போய்விடுகிறார்கள். செட்டிங்ஸில் ஆக்சஸரீஸ் பகுதிக்குள் பிளேஸ்டேஷன் விஆர்2 என்று இருப்பதைத் திறந்தால் இதே சரிபார்ப்பைத் திரும்பச் செய்யலாம்.

கண்ணாடி போடுபவர்களுக்குத் தங்கள் அளவு ஏற்கனவே தெரிந்திருக்க வாய்ப்பு உண்டு. கண்ணாடிக் கடைச் சீட்டில் PD என்று குறித்து எழுதியிருப்பார்கள். சீட்டு இல்லையென்றால் கண்ணாடி முன் நின்று ஸ்கேலை மூக்கின் மேல் வைத்து அளந்துகொள்ளலாம். இரண்டு மூன்று முறை அளந்தால் ஓரளவு சரியாக வரும்.

வீட்டில் நான்கு பேர் மாறி மாறி மாட்டினால், ஒவ்வொரு முறையும் சக்கரம் யாராவது ஒருவருக்காகத் திருப்பப்பட்டிருக்கும். "நேத்து நல்லா இருந்துச்சு, இன்னிக்கு மங்கலா இருக்கு" என்பதற்குப் பின்னால் பெரும்பாலும் தம்பியோ தங்கையோ இருப்பார்கள். 12 வயதுக்குக் கீழ் உள்ள பிள்ளைகளுக்கு இதை மாட்டக் கூடாது என்று சோனியே சொல்லியிருக்கிறது. அது தெளிவுக்காகச் சொன்னது அல்ல என்றாலும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

படி 4: கண்ணைப் பின்தொடரும் வசதி

விஆர்2-வுக்குள் டோபி நிறுவனத்தின் கண் கண்காணிப்புத் தொழில்நுட்பம் இருக்கிறது. நீங்கள் எங்கே பார்க்கிறீர்கள் என்பதைக் கண்டுபிடித்து, அந்த இடத்தை மட்டும் முழுக் கூர்மையோடு வரைந்து, மீதியை மேலோட்டமாக வரைந்துவிடும். நம் கண்ணும் அப்படித்தான் வேலை செய்கிறது: விழித்திரையின் நடுவில் மட்டும்தான் நுணுக்கம், ஓரத்தில் எல்லாம் உத்தேசம். கன்சோலுக்கு மிச்சமாகும் உழைப்பு சின்னது இல்லை. கண் கண்காணிப்போடு சேர்த்துச் செய்தால் 3.6 மடங்கு வரை வேகம் கூடும் என்று, விளையாட்டு உருவாக்கும் மென்பொருளைத் தரும் யூனிட்டி நிறுவனம் 2022-இல் சொன்னது. அந்த மிச்சத்தை விளையாட்டு உருவாக்குபவர்கள் நடுப்பகுதியின் தெளிவைக் கூட்டச் செலவிடுவார்கள்.

அதனால் இந்த அளவீடு பிசகினால், கூர்மையான இடம் நீங்கள் பார்க்கும் இடத்திலிருந்து கொஞ்சம் விலகி விழும். பார்க்கும் பொருள் மட்டும் மங்கலாகவும், பக்கத்துப் பொருள் தெளிவாகவும் தெரிந்தால் இதைச் சந்தேகியுங்கள். ஹெட்செட்டைச் சரியாக உட்கார வைத்த பிறகு, அதே செட்டிங்ஸ் பக்கத்தில் கண் அளவீட்டைத் திரும்பச் செய்யுங்கள். புள்ளி நகரும், தலையை அசைக்காமல் கண்ணால் மட்டும் பின்தொடர வேண்டும். முதலில் மாட்டும் விதம், அப்புறம் அளவீடு. வரிசை மாறினால் தப்பான நிலையில் நின்ற கண்ணைத்தான் அது மனப்பாடம் செய்துகொள்ளும். வீட்டில் ஒவ்வொருவரும் தங்கள் கணக்கில் தனித்தனியாகச் செய்துகொள்வது நல்லது.

படி 5: வெளிச்சத்தைக் குறைத்துப் பாருங்கள்

இதைச் சொன்னால் பலர் நம்புவதில்லை. டிவி கடையில் எப்போதும் வெளிச்சத்தை ஏற்றி வைத்துத்தானே நமக்குக் காட்டுகிறார்கள்? விஆர்2-வும் வெளிச்சத்தை உச்சத்தில் வைத்துத்தான் வருகிறது. நின்று பார்த்தால் அழகு. தலையைத் திருப்பினால்தான் சிக்கல்.

ஒவ்வொரு படமும் திரையில் ஒரு கணம் ஒளிர்ந்து அணைகிறது. வெளிச்சம் கூடக் கூட அந்த ஒளிரும் நேரமும் நீளும். நீங்கள் சாதாரணமாகத் தலையைத் திருப்பும் வேகம் வினாடிக்கு 100 டிகிரி என்று வையுங்கள். ஒரு மில்லிவினாடியில் தலை 0.1 டிகிரி நகர்ந்துவிடும். டிகிரிக்கு 18 பிக்சல் என்று மேலே பார்த்தோம், ஆக ஏறக்குறைய 2 பிக்சல். படம் கூடுதலாக ஒளிரும் ஒவ்வொரு மில்லிவினாடிக்கும் ஏதோ ஒரு விளிம்பு 2 பிக்சல் இழுபடும். இருட்டான பின்னணியில் வெள்ளை எழுத்தைப் பார்த்துக்கொண்டே தலையைப் பக்கவாட்டில் ஆட்டுங்கள், எழுத்துக்கு வால் முளைப்பது தெரியும்.

செட்டிங்ஸில் விஆர்2 பக்கத்திலேயே திரை வெளிச்சத்துக்கு ஒரு நகர்த்தி இருக்கிறது. அதைப் பாதிக்குக் கொண்டு வந்து, அதே எழுத்தை அதே வேகத்தில் திரும்பப் பாருங்கள். வால் குட்டையாகும். எச்டிஆரின் பளபளப்பு கொஞ்சம் போகும், இரவு ஓட்டத்தில் எதிரே வரும் காரின் விளக்கு முன்போல் கண்ணைக் கூசாது. ஆனால் ஹெட்செட்டுக்குள் வேறு வெளிச்சம் இல்லாததால் இரண்டே நிமிடத்தில் கண் பழகிவிடும், குறைத்ததே தெரியாது. நான் பாதிக்குச் சற்றுக் கீழே வைத்திருக்கிறேன். பரபரப்பாகத் தலையைத் திருப்பும் விளையாட்டுக்குக் குறைவு, உட்கார்ந்து வேடிக்கை பார்ப்பதற்குக் கூடுதல் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

படி 6: அறை வெளிச்சம்

ஹெட்செட்டின் வெளிப்பக்கம் நான்கு கேமராக்கள் அறையைப் பார்த்துத்தான் உங்கள் தலை எங்கே இருக்கிறது என்று கணக்கிடுகின்றன. விளக்கை அணைத்துவிட்டு உட்கார்ந்தால் அவற்றுக்கு ஒன்றும் தெரியாது, படம் நடுங்கும். நடுங்கும் படம் மூளைக்கு மங்கலாகத்தான் தெரியும். புத்தகம் படிக்கும் அளவுக்கு விளக்கு போதும். வெறும் வெள்ளைச் சுவரைவிட, காலண்டரும் அலமாரியும் உள்ள சுவர் அவற்றுக்குப் பிடிக்கும். பெரிய நிலைக்கண்ணாடி எதிரே இருந்தால் ஒரு துணி போட்டு மூடுங்கள்.

படி 7: இப்போது விளையாட்டைக் குறை சொல்லலாம்

மேலே சொன்னதெல்லாம் சரி, ஆனாலும் மங்கல் என்றால், எங்கே பார்க்கிறீர்கள் என்று கவனியுங்கள்.

ஹோம் திரையில் பார்த்து முடிவு செய்யாதீர்கள். மெனு, படங்கள், சாதாரண விளையாட்டுகள் எல்லாம் சினிமா முறையில், அதாவது எதிரே தொங்கும் ஒரு தட்டைத் திரையில் தெரியும். அந்தத் திரைக்குக் கிடைப்பது 1920 × 1080 மட்டுமே. அதைப் பெரிதாக்க ஆக்க எழுத்து உதிரும். திரை அளவைச் சிறிதாக்கினால் கூர்மை கூடியதுபோலத் தெரியும். 4கே டிவி வீட்டில் இருப்பவர்கள் சாதாரண விளையாட்டை ஹெட்செட்டில் ஆட எனக்குத் தெரிந்து ஒரே காரணம்தான் உண்டு: டிவியில் வேறு யாரோ சீரியல் பார்க்கிறார்கள்.

விஆர் விளையாட்டுக்குள் இரண்டு விஷயங்கள் தெளிவைத் தீர்மானிக்கும். ஒன்று, அந்த விளையாட்டு எத்தனை பிக்சலில் வரைகிறது என்பது. திரையின் பிக்சல் எண்ணிக்கை மாறாது, ஆனால் விளையாட்டு அதைவிடக் குறைவாக வரைந்து நீட்டலாம். நோ மேன்ஸ் ஸ்கை நல்ல உதாரணம். ஹெட்செட்டோடு சேர்ந்து வந்தபோது படம் சவசவவென்று இருந்தது என்று ஆடியவர்கள் பலரும் சொன்னார்கள். 2023 ஆகஸ்டில் வந்த எக்கோஸ் அப்டேட்டில், மேலே பார்த்த கண் கண்காணிப்பு உத்தியைச் சேர்த்தார்கள். அதே ஹெட்செட், அதே லென்ஸ், ஆனால் தெளிவில் வித்தியாசம். ஆகவே வாங்கியதும் ஒவ்வொரு விளையாட்டையும் கடைசி அப்டேட் வரை இறக்கிவிட்டு அப்புறம் பாருங்கள்.

இரண்டாவது, ரீப்ரொஜெக்ஷன். இதை ஒருமுறை கண்ணால் பார்த்துவிட்டால் பிறகு எங்கும் அடையாளம் தெரியும். திரை வினாடிக்கு 120 முறை மாறுகிறது, ஆனால் கனமான விளையாட்டுகளால் 60 படம்தான் வரைய முடிகிறது. அதனால் ஒவ்வொரு படத்தையும் இரண்டு முறை காட்டுவார்கள், இரண்டாம் முறை உங்கள் தலை திரும்பிய அளவுக்குப் படத்தை நகர்த்திக் காட்டுவார்கள். தலையைத் திருப்பினால் வழுக்கிக்கொண்டு போகும். ஆனால் விளையாட்டுக்குள் தானாக நகரும் பொருளுக்குப் புது இடம் தெரியாது, பழைய இடத்திலேயே இரண்டாம் முறையும் நிற்கும். கண்ணுக்கு அது இரட்டை உருவமாகப் படும்.

கிரான் டூரிஸ்மோ 7-இல் இதைச் சோதித்துப் பார்க்கலாம். காருக்குள் உட்கார்ந்து டேஷ்போர்டைப் பாருங்கள்: உங்களோடே வருவதால் அது நிலையாக, தெளிவாக இருக்கும், வேகமானி எண்களைப் படிக்கலாம். நேரே தூரத்தில் உள்ள வளைவைப் பாருங்கள், அதுவும் பரவாயில்லை. இப்போது பக்கத்துக் கண்ணாடி வழியாகச் சாலையோரத் தடுப்பையோ உங்களைத் தாண்டும் காரையோ பாருங்கள். விளிம்புகள் இரண்டிரண்டாகத் தெரியும். ஹெட்செட்டில் கோளாறு என்று நினைக்க வேண்டாம், நீங்கள் திருப்பிச் சரிசெய்ய எந்தச் சக்கரமும் இதற்கு இல்லை. ஓட்டும்போது கண் முன்னால்தான் இருக்கும் என்பதால் பலர் இதைக் கவனிப்பதே இல்லை. நான் சொல்லாமல் இருந்திருந்தால் நீங்களும் கவனித்திருக்க மாட்டீர்கள், மன்னியுங்கள்.

விளையாட்டுக்குள் இருக்கும் செட்டிங்ஸையும் ஒரு பார்வை பாருங்கள். மோஷன் பிளர் (அசைவை மங்கலாக்குவது), ஃபிலிம் கிரெயின் (படத்தில் பொடிப் புள்ளி தூவுவது) என்று ஏதாவது இருந்தால் அணைத்துவிடுங்கள். விஆரில் இரண்டுக்கும் வேலை இல்லை.

எவ்வளவு திருப்பினாலும் போகாதவை

மூன்று இருக்கின்றன. முதலாவது மூரா. ஜப்பானிய மொழியில் சீரின்மை என்று பொருள். ஓஎல்இடி திரையில் ஒவ்வொரு பிக்சலும் தானே ஒளிர்வதால், பக்கத்துப் பக்கத்துப் பிக்சல்களின் வெளிச்சத்தில் இம்மியளவு வேறுபாடு இருக்கும். மூடுபனி, சாம்பல் வானம், லோடிங் திரை போன்ற ஒரே நிறப் பரப்பில் அது மெல்லிய அழுக்குத் துணி போர்த்தியதுபோலத் தெரியும். தலையைத் திருப்பினால் அந்த அழுக்கும் கூடவே வரும், அதை வைத்தே அடையாளம் கண்டுகொள்ளலாம். லென்ஸைத் துடைத்தால் போகாது. இதே ஓஎல்இடிதான் ரெசிடென்ட் ஈவில் வில்லேஜ் என்ற திகில் விளையாட்டின் கோட்டைக்குள் முழு இருட்டை முழு இருட்டாகக் காட்டுகிறது. அந்த நிலவறையில் ஒருமுறை நின்ற பிறகு நான் மூராவை மன்னித்துவிட்டேன்.

இரண்டாவது, இருட்டில் வெள்ளை எழுத்து வரும்போது அதிலிருந்து கீற்றுக் கீற்றாக ஒளி சிதறுவது. ஃபிரெனெல் லென்ஸின் வரிகளில் பட்டுத் தெறிக்கும் ஒளி அது. வெளிச்சத்தைக் குறைத்தால் கொஞ்சம் அடங்கும். மூன்றாவது, ஓர மங்கல். எழுத்தைப் படிக்கக் கண்ணை மட்டும் ஓரத்துக்கு உருட்டாமல் தலையையே திருப்பப் பழகுங்கள். ஒரு வாரத்தில் கழுத்துக்கு அது வழக்கமாகிவிடும்.

கண்ணாடி அணிபவர்கள்

கண்ணில் ஒட்டியபடி திரை இருக்கிறதே, கிட்டப்பார்வைக்காரருக்குக் கண்ணாடி எதற்கு என்று கேட்பார்கள். லென்ஸ் அந்தப் படத்தைக் கைக்கெட்டாத தூரத்துக்குத் தள்ளி வைத்துத்தான் காட்டுகிறது. தூரத்தில் மங்கலாகத் தெரியும் கண்ணுக்கு இங்கேயும் மங்கலாகத்தான் தெரியும். கண்ணாடியோடு மாட்ட இடம் இருக்கிறது. முதலில் ஸ்கோப்பை வெளியே தள்ளிவிட்டு, மாட்டிய பிறகு மெல்ல உள்ளே கொண்டு வாருங்கள், கண்ணாடியும் லென்ஸும் உரசவே கூடாது. அடிக்கடி ஆடுவதாக இருந்தால், உங்கள் பவருக்கு ஏற்றபடி ஹெட்செட் லென்ஸ் மேலேயே பொருத்தும் தனி லென்ஸ் விற்கிறார்கள். கண்ணாடி இல்லாமல் லென்ஸை நெருக்கி வைக்க முடிவதால் பார்வை அகலமும் கூடும்.

பழையது, புதியது

பழைய சாமான் சந்தையில் மலிவாக ஒன்று கிடைத்தால், அது 2016 மாடலா 2023 மாடலா என்று முதலில் பாருங்கள். விஆர்2-வில் ஒரே ஒரு கேபிள், பிஎஸ்5-இன் முன்பக்க யூஎஸ்பி-சி துளையில் சொருக வேண்டியது. தனிப் பெட்டியும் கத்தையாக வயர்களும் வந்தால் அது பழசு. பழைய மாடலுக்கு வந்த விளையாட்டு விஆர்2-வில் அப்படியே ஓடாது.

டிவியில் தெரியும் பிம்பத்தை வைத்துப் பிறர் சொல்லும் தீர்ப்பையும் நம்பாதீர்கள். பக்கத்தில் உட்கார்ந்திருப்பவர் பார்ப்பது ஒரு கண்ணின் காட்சியிலிருந்து வெட்டி எடுத்தது. ஹெட்செட்டுக்குள் தெரிவதற்கும் அதற்கும் சம்பந்தம் குறைவு.

பிஎஸ்5 ப்ரோ வாங்கினால் தெளிவு கூடுமா? அதற்காக மெருகேற்றப்பட்ட விளையாட்டுகளில் கூடலாம், ஆனால் லென்ஸும் 2000 × 2040-உம் அங்கேயேதான் இருக்கும். கணினியில் மாட்டினால்? 2024 ஆகஸ்டில் அதற்கென்று ஓர் அடாப்டர் வந்தது. கணினி வலுவாக இருந்தால் அதிகப் பிக்சலில் வரைந்து கூர்மையைக் கூட்டலாம், ஆனால் எச்டிஆரும் கண் கண்காணிப்பும் அங்கே அதிகாரபூர்வமாகக் கிடையாது. கன்சோல் மட்டும் வைத்திருப்பவர் இதைப் படித்துப் பெருமூச்சு விட வேண்டியதில்லை.

எடுத்து வைக்கும்போது

ஆடி முடித்ததும் வியர்வை காயும்வரை வெளியே விட்டு, அப்புறம் லென்ஸ் மேல் மெல்லிய துணி போட்டு அலமாரிக்குள் வையுங்கள். ஜன்னலோரம் வேண்டாம், காரின் பின் சீட்டும் வேண்டாம். சின்ன வயதில் பூதக்கண்ணாடியால் காகிதத்தைக் கருக்கியிருப்போமே, இதற்குள் அதே மாதிரி இரண்டு கண்ணாடி இருக்கிறது, காகிதத்தின் இடத்தில் திரை இருக்கிறது. வெயில் லென்ஸுக்குள் கொஞ்ச நேரம் விழுந்தாலே திரையில் கருகிய புள்ளி விழுந்துவிடும், அது எந்தச் செட்டிங்ஸிலும் போகாது.